நான்கு லென்ஸ், ஒரு கித்தான் பை: ஈரோட்டிலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

சிறிய லென்ஸுக்குத் தடித்த மெத்தை தேவையில்லை. அதற்குத் தேவை தன் அளவுக்குச் சரியான இடம். கடைகளில் விற்கும் கேமராப் பைகளில் பெரும்பாலானவை பெரிய லென்ஸ்களை நினைத்துத் தைக்கப்பட்டவை. அவற்றின் ஓர் அறையில் அறுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸை வைத்தால், நடக்க நடக்க அது சுற்றிக்கொண்டே இருக்கும். மூடி தளரும், பக்கத்து லென்ஸின் விளிம்பில் போய் இடிக்கும், தடுப்பின் அடியில் நழுவிவிடும். சிறு லென்ஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகின்றன. பைக்குள் உரசல், இடைவெளியில் தங்கும் தூசி, அடைபட்ட ஈரம் ஆகிய மூன்றையும் அடக்கினால் போதும் என்ற எண்ணத்தில், நானும் என் அத்தையும் சேர்ந்து ஓர் உள்பை தைத்தோம். அதன் அளவுகளையும் செய்த முறையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மெத்தை ஏன் குறைவாக இருந்தாலும் போதும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் விழும்போது அது தாங்க வேண்டிய ஆற்றல் அதன் எடையையும் விழும் உயரத்தையும் பொறுத்தது. 170 கிராம் லென்ஸ் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 1.7 ஜூல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெரிய ஜூம் லென்ஸ் அதே உயரத்திலிருந்து விழுந்தால் கிட்டத்தட்ட 15 ஜூல். ஒன்பது மடங்கு வேறுபாடு. பெரிய லென்ஸுக்கான இரண்டு சென்டிமீட்டர் மெத்தையைச் சிறிய லென்ஸுக்கும் வைத்தால் பை வீங்குமே தவிர, பாதுகாப்பு அந்த அளவுக்குக் கூடாது. பக்கங்களுக்கு ஆறு மில்லிமீட்டர், அடிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று முடிவு செய்தேன்.

என்னிடம் இருப்பது ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி30 கேமரா. பேட்டரியோடு 383 கிராம். பெரும்பாலும் அதில் மாட்டியிருப்பது 35 மி.மீ. எஃப்2 லென்ஸ், 170 கிராம். கூடவே 27 மி.மீ. எஃப்2.8 தட்டை லென்ஸ், 78 கிராம், 50 மி.மீ. எஃப்2, 200 கிராம், 50-230 மி.மீ. ஜூம், 375 கிராம். (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. அதன் குவியத்தூரம், நீளம் அல்ல; எஃப் எண் அதன் திறப்பின் அளவைக் குறிப்பது.) எல்லாம் சேர்த்து 1,206 கிராம். ஒன்றேகால் கிலோகூட இல்லாத இந்தச் சுமைக்கு, வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேல் இருப்பதை என் தோள் ஏற்கவில்லை. அதனால் வெளியே ஒரு சாதாரணக் கித்தான் தோள்பை, உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய உள்பை என்று பிரித்துக்கொண்டேன். கித்தான் பையைப் பார்த்தால் யாரும் உள்ளே கேமரா இருப்பதாக நினைக்க மாட்டார்கள். ஈரோடு பஸ் நிலையத்தின் நெரிசலில் அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

நம் பக்கத்துத் தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் படமெடுக்கப் போகிறவர் சந்திப்பது ஒரே வகைத் தூசி அல்ல. சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களில் பறப்பது பஞ்சு. அது இலேசானது, கீறாது. ஆனால் துணியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்து, லென்ஸ் மாற்றும் நேரம் பார்த்து கேமராவுக்குள் போய்விடும். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளைப் பாலிஷ் போடும் இடத்தில் எழுவது மாவு போன்ற பொடி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை எத்தனை பேர் படமெடுத்திருக்கிறார்கள்! அந்தப் பொடி ஜிப்பின் பற்களுக்கு இடையில்கூடப் புகும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையில் எழுவதோ மண். மூன்றிலும் மோசமானது இதுதான். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. முதலில் ரப்பர் பந்தால் காற்றை ஊதித் துகளை விரட்டாமல் துணியால் துடைத்தால், துடைக்கும் கையே லென்ஸைக் கீறிவிடும். ஆகவே உள்பையின் துணி தானும் இழை உதிர்க்கக் கூடாது, வரும் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. துணி தேர்வில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

பொருள்கள்

துணி உறைக்கு நடுவில் வைக்கும் அட்டைக்கு ஈவா (EVA) என்னும் நுரை ஷீட் வாங்கினேன். செருப்பு தைப்பவர்களுக்கு மூலப்பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் மூன்று, ஆறு, பத்து மில்லிமீட்டர் தடிமனில் தருவார்கள். இதன் உள்ளே உள்ள காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை; அதனால் தண்ணீரை உறிஞ்சாது. மெத்தைக் கடை ஸ்பாஞ்சின் துளைகள் திறந்தவை. மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரவும் தொடங்கும். பழைய கேமராப் பைகளின் உட்புறம் பிசுபிசுவென்று ஆவது பெரும்பாலும் இந்த ஸ்பாஞ்சின் சிதைவால்தான். லென்ஸ் பக்கத்தில் அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. பொருள்களைப் பொதிந்து அனுப்பப் பயன்படும் வெள்ளை நுரை அட்டையும் ஈரம் உறிஞ்சாதுதான். ஆனால் அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றுவிடுகிறது.

துணிக்குத் திருப்பூரை விட்டால் வேறு எங்கே போவது? பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் எடைக்குக் கிடைக்கும். குவியலில் கைவிட்டுத் தேடினால் பின்னல் துணியில் இல்லாத வகையே இல்லை. மூன்று வகைகளைப் பிரித்து எடுத்து வந்தேன்: உட்புறம் சொரசொரவென்று மெத்தென்றிருக்கும் பருத்தி ஃபிலீஸ், சாதாரணப் பருத்தி பனியன் துணி, விளையாட்டுச் சட்டைகளுக்குப் பயன்படுத்தும் பாலியஸ்டர் இன்டர்லாக். ஒவ்வொன்றின் மேலும் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி உரித்து, கறுப்புக் காகிதத்தில் ஒட்டிப் பார்த்தேன். ஃபிலீஸ் ஒட்டிய டேப் பனி படிந்ததுபோல வெளுத்துவிட்டது. பனியன் துணியில் ஓரளவு. பாலியஸ்டரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இழைகள். கையில் தொட்டால் ஃபிலீஸைப் போல் இதமாக எதுவும் இல்லை. பலரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் லென்ஸுக்கு இதத்தைவிடச் சுத்தம் முக்கியம்.

பாலியஸ்டருக்கும் ஒரு குறை உண்டு. வறண்ட நாள்களில் உராய்வால் மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும். பங்குனி வெயிலில் இதை நன்றாகவே உணரலாம். மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் உள்பையைக் கவிழ்த்து உதறினால் தூசி போய்விடுகிறது என்பது ஆறுதல். தைப்பதற்கு முன்னால் துணியை வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி நிழலில் உலர்த்தினோம். ஆலையில் ஏற்றிய பூச்சும், வெட்டிய ஓரங்களில் தொங்கும் இழையும் அதில் போய்விடும்.

நிறம் வெளிர் மஞ்சள். கறுப்பு அறையில் கறுப்பு மூடி போட்ட கறுப்பு லென்ஸை, வெளிச்சம் குறைந்த தறிக்கூடத்தில் தேடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அளவும் அறைகளும்

லென்ஸ்களை மூடிகளோடு மேசையில் வைத்து அளந்துதான் எல்லாவற்றையும் தீர்மானித்தேன். நிறுவனம் தரும் அளவில் மூடிகள் சேராது. 50 மி.மீ. லென்ஸின் நீளம் 59.4 மில்லிமீட்டர் என்று இருக்கும். முன்மூடி, பின்மூடி இரண்டையும் போட்டால் அது ஏறக்குறைய 75 ஆகிவிடும். 27 மி.மீ. லென்ஸ் 23 மில்லிமீட்டர்தான், மூடிகளோடு 38. கணக்கில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ஜிப் மூடாது.

உள்பையின் உள்ளளவு நீளம் 28 சென்டிமீட்டர், அகலம் 9, ஆழம் 12. நீளத்தில் கேமராவுக்கு 125 மில்லிமீட்டர், அடுத்த அறைக்கு 66, ஜூம் லென்ஸுக்கு 73, மீதி தடுப்புகளுக்கு. அகலம் ஒன்பது சென்டிமீட்டரில் நின்றதால் பை உடம்போடு ஒட்டி இருக்கிறது. நடக்கும்போது இடுப்பில் மோதுவதில்லை.

கேமரா அறையில் கேமரா குப்புறப் படுத்திருக்கும், லென்ஸ் கீழ்நோக்கி. இங்கே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: கேமராவின் எடை லென்ஸின் மேல் இறங்கக் கூடாது. பையைப் பொத்தென்று தரையில் வைக்கும்போது லென்ஸின் முனை அடியில் தட்டினால், அந்த அடி முழுவதும் மவுண்டுக்கு, அதாவது லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் வளையத்துக்குப் போகும். அதனால் லென்ஸின் இரு பக்கமும் 65 மில்லிமீட்டர் உயரத்துக்கு இரண்டு முட்டுகள் வைத்தேன். ஈவா அட்டையை அடுக்கி ஒட்டிச் செய்தவை. கேமராவின் உடல் அந்த முட்டுகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். லென்ஸ் நடுவில் எதையும் தொடாமல் தொங்கும். அதன் முன்மூடிக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் காற்று. லென்ஸ் உடலின் சரியான நடுவில் இல்லாததால் ஒரு முட்டு மற்றதைவிட அகலம். அதை உள்ளே குடைந்து ஒரு மாற்று பேட்டரி வைக்க இடம் செய்தேன். பேட்டரியைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டே வைக்க வேண்டும். அதன் முனைகளில் சாவியோ சில்லறையோ படுவது ஆபத்து.

நடு அறையில் 27-உம் 50-உம் ஒன்றன்மேல் ஒன்றாக. இதற்கு இரண்டு வழிகளை முயன்று பார்த்தேன். இரண்டு பின்மூடிகளை முதுகோடு முதுகு ஒட்டி, இரு லென்ஸ்களையும் ஒரே உருளையாக்குவது முதல் வழி. உலகெங்கும் பலர் செய்வதுதான். உப்புத்தாளால் இரு மூடிகளின் முதுகையும் தேய்த்து எப்பாக்ஸி பசை வைத்தால் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. தேய்த்த பொடியைக் கழுவி, நன்றாக உலர்த்தி, காற்று ஊதிய பிறகே லென்ஸில் மாட்ட வேண்டும். மேசையில் வைத்து மாற்றுவதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கூட்டத்தில் நின்றபடி திருகும்போது, இரண்டில் எது கழன்று வரும் என்பது உறுதியில்லை. 50 வேண்டும் என்று திருகினால், சில நேரம் 27 கழன்று பின்புறம் திறந்தபடி பைக்குள் கிடக்கும். அந்தியூர் சந்தைப் புழுதியில் அதற்கு நான் இடம் தரத் தயாராக இல்லை.

இரண்டாவது வழியே நின்றது. அடியில் 27, அதன் மேல் ஆறு மில்லிமீட்டர் ஈவா வட்டு, வட்டின் மேல் 50. கீழே இருக்கும் லென்ஸை எடுப்பதற்கு ஒரு நாடா. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் பேட்டரிக்கு அடியில் ஒரு ரிப்பன் ஓடுமே, அதை இழுத்தால் பேட்டரி மேலே எழும், அதேதான். நாடாவின் ஒரு முனையை அறையின் சுவரில் தைத்து, லென்ஸுக்கு அடியில் கொண்டுபோய் மறுபக்கம் மேலே விட்டிருக்கிறேன். இழுத்தால் 27 உயர்ந்து விரல்களுக்கு வருகிறது. அறை இறுக்கமாக இருந்தால் லென்ஸை எடுப்பது சிரமம் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்த நாடா. எடுக்க வசதி வேண்டும் என்பதற்காக அறையைத் தளர்த்த வேண்டியதில்லை.

அறையின் அகலம் ஒன்பது சென்டிமீட்டர். லென்ஸுக்கு வேண்டியதோ ஆறரைதான். மிஞ்சிய இரண்டரை சென்டிமீட்டரை ஒரு தட்டைத் தடுப்பால் பிரித்து, துடைக்கும் துணியும் 43 மில்லிமீட்டர் ஃபில்டரும் வைக்கும் ஒரு சந்து ஆக்கினேன். ரப்பர் பந்து அதில் அடங்காது. அது கித்தான் பையின் வெளிப்பக்கத்தில்.

ஜூம் லென்ஸ் 50 மில்லிமீட்டர் முனைக்குச் சுருக்கி, முன்புறம் கீழாக நிற்கிறது. நால்வரில் எடை அதிகமானது இதுதான். அதன் மவுண்டும் பிளாஸ்டிக். அதனால் இதன் அடித்தளத்தில் மட்டும் மேல் அடுக்கில் ஐந்து சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடுத்துவிட்டேன். லென்ஸின் எடை விளிம்பில் நிற்கிறது. முன்மூடியின் நடுப்பகுதி அழுந்துவதில்லை. மற்றவை இலேசானவை, அவற்றுக்கு இது தேவைப்படவில்லை.

எல்லா லென்ஸ்களையும் பின்புறம் மேலாக வைப்பதையே விரும்புகிறேன். கை உள்ளே போனதும் லென்ஸின் உடலைப் பிடித்து, பின்மூடியைத் திருகி, நேரே கேமராவில் மாட்டிவிடலாம். கையில் புரட்ட வேண்டியதில்லை. பின்மூடிகள் எல்லாம் ஒரே அச்சு. வெள்ளை பெயின்ட் பேனாவால் 27, 50 என்று பெரிதாக எழுதினேன். இந்த எழுத்து வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். முழுப் பையிலும் அதிகப் பயன் தருவது இதுவாகவே இருக்கலாம்.

தையல்

என் அத்தை திருப்பூரில் பல ஆண்டுகள் பனியன் கம்பெனியில் சிங்கர் டெய்லராக இருந்தவர். இப்போது வீட்டிலேயே மெஷின் வைத்திருக்கிறார். அட்டையையும் துணியையும் சேர்த்துவைத்து ஒரேயடியாகத் தைத்துவிடலாம் என்பது என் திட்டம். அத்தை ஈவாவை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதன் மேல் பிரஷர் ஃபுட் நகராது சாமி. துணியை மட்டும் முதலில் மூன்று பக்கம் அடித்துத் தருகிறேன். அட்டையை அப்புறம் சொருகி, வாயைக் கையால் தைத்துக்கொள்."

அப்படியே செய்தோம். ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி உறை. அட்டையின் அளவைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே கூடுதல். இறுக்கமாகச் சொருகும்போது துணி சுருக்கமில்லாமல் நிற்கிறது. உறையின் ஓரங்களை உட்புறமாக ஓவர்லாக் அடித்ததால், வெட்டிய நூல் எங்கும் வெளியே வரவில்லை. பின்னல் துணி இழுபடும் என்பதால் உருண்டை முனை ஊசி போட்டார் அத்தை. சாதாரண ஊசி பின்னலின் கண்ணியை அறுத்துவிடுமாம். ஈவாவின் மேலேயே தையல் ஓட வேண்டிய ஓர் இடம் இருந்தது, மூடியின் ஜிப் பட்டி. அங்கே செய்தித்தாள் துண்டை மேலே வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு நகர்ந்ததால் தையல் நேராக வந்தது.

தடுப்புகளுக்கு வெல்க்ரோ வேண்டுமா என்பதில் எங்களுக்குள் நீண்ட பேச்சு. இடம் மாற்றலாம் என்பது வெல்க்ரோவின் நன்மை. ஆனால் அதன் கொக்கிப் பக்கம் பஞ்சை விடாமல் பிடிக்கும். துடைக்கும் துணியையும் கவ்வி இழை பிரிக்கும். பிரிக்கும் ஓசை கோயிலிலும் காட்டிலும் எரிச்சல். என் லென்ஸ்களின் அளவு மாறப்போவதில்லை. ஆகவே தடுப்புகளை இரட்டை நூலால் சுவரோடு சேர்த்தே தைத்துவிட்டோம். நாளை புது லென்ஸ் வாங்கினால் அந்தத் தையலைப் பிரித்து நகர்த்தத்தான் வேண்டும். ஒரு மாலை நேர வேலை. நகராத தடுப்புக்காக அதைச் செய்யலாம்.

முட்டுகளையும் அடித்தளத்தின் இரண்டு அடுக்குகளையும் மட்டும் பசையால் ஒட்டினேன். செருப்புக் கடைகளில் பயன்படும் ரப்பர் பசை. இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். ஒட்டிய பிறகு வாசனை முழுவதும் போகும்வரை காற்றோட்டமான நிழலில் வைத்திருந்தேன். அந்தக் கரைப்பானின் ஆவி அடைபட்ட அறைக்குள் லென்ஸோடு இருப்பது நல்லதல்ல. மூக்கால் முகர்ந்து வாசனை அறவே இல்லை என்று தெரிந்த பிறகே துணி உறைக்குள் சொருகினேன்.

கித்தான் பையின் வாய்க்கு மேலாக ஐந்து சென்டிமீட்டர் கீழிறங்கும் மடிப்பு ஏற்கெனவே இருந்தது. உள்பையின் மூடியைச் சுற்றி ஐந்தாம் நம்பர் ஜிப். தூசிக்கு இந்த இரண்டு அடுக்கு போதும். வால்பாறை மழைக்குப் போதாது. கம்பி உடைந்த குடை ஒன்றின் துணியை அறுத்து, ஓரத்தில் எலாஸ்டிக் ஓட்டி மழையுறை தைத்தோம். குடைத்துணி தண்ணீரை ஓடவிடுவதற்கென்றே நெய்தது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். குடையின் நடுவில் கம்பி நுழையும் ஓட்டையைத் தவிர்த்து வெட்ட வேண்டும். பொருள் செலவு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அத்தையின் உழைப்புக்கு விலை போட முடியாது.

பைக்கிலும் பஸ்ஸிலும்

பையைத் தைத்தால் மட்டும் போதாது, எங்கே வைக்கிறோம் என்பதும் உண்டு. பெருந்துறையிலிருந்து சென்னிமலை போகும் கிராமச் சாலைகளில் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேலோ பக்கவாட்டுப் பெட்டியிலோ நான் லென்ஸ் வைப்பதில்லை. எஞ்சினின் இடைவிடாத அதிர்வு சிறு திருகுகளைத் தளர்த்தும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், திறன் மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கைபேசி கேமராவின் நடுக்கம் தணிக்கும் அமைப்பையும் குவிக்கும் அமைப்பையும் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்தது. என் ஜூம் லென்ஸுக்குள்ளும் நடுக்கம் தணிக்க அசையும் கண்ணாடித் தொகுதி ஒன்று உண்டு. கைபேசிக்கு ஆகாதது இதற்கும் ஆகாது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. பை உடம்பில் தொங்கினால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். எந்த ஈவாவும் அவ்வளவு செய்யாது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸின் மேல்தட்டில் வைத்த பை ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் ஓடும். மடியில் வைத்துக்கொள்கிறேன். மேலே போனதும் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் நம் வசதிக்குக் காத்திருப்பதில்லை. ஜூம் அறை வலது கைப்பக்கம் வரும்படி பையைத் திருப்பி மாட்டியிருப்பது அதற்காகத்தான்.

தறிக்கூடத்துக்குள் போவதாக இருந்தால் லென்ஸை வாசலிலேயே தேர்ந்துகொண்டு, உள்ளே மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் கேமராவை ஆஃப் செய்து, வாயைத் தரையை நோக்கிப் பிடித்து, புது லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றுவேன். 35-இலும் 50-இலும் மவுண்டைச் சுற்றி ரப்பர் வளையம் இருந்தாலும் எக்ஸ்-டி30-இன் உடலில் தூசித் தடுப்பு இல்லை. ஒரு பக்கக் காப்பை நம்பித் துணிச்சல் காட்டக் கூடாது.

பை தயாரானதும் விசைத்தறிக் கூடம் ஒன்றுக்கு அதை எடுத்துச் சென்று, வீடு திரும்பி, ஒவ்வோர் அறையின் சுவரிலும் பழையபடி டேப் ஒட்டிக் கறுப்புக் காகிதத்தில் பார்த்தேன். கேமரா அறையில்தான் பஞ்சு அதிகம். திறந்து மூடுவது அங்கேதான். நாடா வைத்த நடு அறையில் மிகக் குறைவு. ஜிப்பின் இரு முனைகளிலும் ரன்னர் நிற்கும் மூலையில் சிறு கற்றை சேர்ந்திருந்தது. அந்த மூலைகளை மறைக்க இரண்டு சென்டிமீட்டர் துணி நாக்கு ஒவ்வொன்று தைத்ததும் அது நின்றது.

ஈரம்

வீடு வந்ததும் லென்ஸ்கள் பையில் தங்குவதில்லை. எவ்வளவு நல்ல பையும் துணிதான். துணி ஈரத்தைப் பிடிக்கும், இருட்டும் அசையாத காற்றும் பூஞ்சைக்குப் பிடித்தவை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு கூடும். அது லென்ஸின் பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. அழுத்தி மூடும் சமையலறை டப்பா ஒன்றில், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மூட்டையும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, 40-க்கும் 50-க்கும் நடுவில் வைத்திருக்கிறேன். ஈரம் குடித்து நிறம் மாறியதும் சிலிக்கா ஜெல்லை ஓவனில் 120 டிகிரியில் வறட்டினால் மீண்டும் பயன்படும். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

சிலிக்கா ஜெல்லை உள்பையில் போட்டுவைப்பது பலரின் வழக்கம். அடிக்கடி திறக்கும் துணிப்பையில் அது வெளிக்காற்றின் ஈரத்தைக் குடித்துச் சீக்கிரமே நிறைந்துவிடும். பிறகு அதனால் பயனில்லை. அரிசியைப் போடச் சொல்வார்கள். அதன் மாவுத் தூசி லென்ஸுக்குப் புதிய தொல்லை. அந்துருண்டை கூடவே கூடாது. அதன் ஆவி திரும்பவும் படிகமாகப் படியக்கூடும், சில பிளாஸ்டிக்குகளை இளக்கவும் செய்யும்.

வால்பாறையின் குளிரிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் நாளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடி வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் சந்தித்தால் அதன் மேல் நீர் கோக்கும். ஆழியாறில் இறங்கியதும் அணை அழகாகத் தெரிகிறது என்று உடனே ஜிப்பைத் திறக்க வேண்டாம். ஈவா வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் என்பதால், மூடிய உள்பைக்குள் லென்ஸ்கள் படிப்படியாக வெளிச்சூட்டுக்கு வந்து சேரும். அரை மணி நேரம் பொறுத்துத் திறந்தால் கண்ணாடி தெளிவாக இருக்கிறது.

உள்பையைத் துவைக்கும்போது லென்ஸ், பேட்டரி, சந்தில் இருக்கும் துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வாளியில் சோப்பு போடாமல் முக்கி அலசி, கவிழ்த்து நிழலில் தொங்கவிடுகிறேன். ஈவா தண்ணீர் குடிக்காததால் துணி மட்டும் காய்ந்தால் போதும். ஆனாலும் தையல் மடிப்புகளில் ஈரம் ஒளிந்திருக்கும். அதனால் தொட்டால் காய்ந்ததுபோல் தெரிந்த பிறகும் இன்னொரு நாள் காற்றாட விட்டே லென்ஸ்களைத் திரும்ப வைக்கிறேன்.